செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ்: போர்டிகோவுக்குப் பின்னால் எழும் கோபுரம் குறையா, தீர்வா?

#1 வரைபலகை

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் இந்த ஆங்கிலிக்கன் பாரிஷ் (வட்டாரச் சபை) ஆலயத்தைப் பற்றித் தனி இழை வேண்டும் என்று நினைத்தேன். ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்தது. 1720இல் நாடாளுமன்றச் சட்டம், 1722 மார்ச்சில் அடிக்கல், 1726 அக்டோபர் 20 பிரதிஷ்டை. முன்னால் ரோமானியக் கோயில் பாணியில் ஒரு போர்டிகோ (தூண் வரிசையுள்ள முகமண்டபம்): இலை வேலைப்பாடுள்ள தலையோடு ஆறு கொரிந்தியத் தூண்கள், மேலே பெடிமென்ட் எனப்படும் முக்கோண முகடு. அதன் பின்னாலேயே கூரையைத் துளைத்துக்கொண்டு வருவது போல 192 அடி உயரக் கோபுரம்.

கட்டிய காலத்திலிருந்தே இதன் மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு: கோயில் முகப்பு வேறு, கிறிஸ்தவக் கோபுரம் வேறு; இரண்டையும் ஒன்றின் தலையில் ஒன்று ஏற்றியிருக்கிறார், கோபுரத்துக்குக் கால் எங்கே என்று தெரியவில்லை. படத்தில் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் உலகம் முழுக்கப் பிரதி எடுத்த முகப்பும் இதுதான்.

இரண்டு கேள்விகள். கோபுரத்தின் எடையை உண்மையில் தாங்குவது எது? முகப்பைச் சரியான விகிதத்தில் கையால் வரைய எங்கே தொடங்குவது?

#2 கல்தச்சுப்பட்டறை

முதல் கேள்விக்குத் தரைவரைபடத்திலேயே பதில் இருக்கிறது. கோபுரம் போர்டிகோ மேலும் இல்லை, கூரை மேலும் இல்லை. மேற்கு முனையில், முகப்புச் சுவருக்கு உட்புறமாக ஒரு சதுர முன்மண்டபம் இருக்கிறதே, அதன் நான்கு கனத்த சுவர்கள்தான் கோபுரத்தின் கால். அஸ்திவாரத்திலிருந்து உச்சிவரை நேர்கோட்டில் எடை இறங்குகிறது. அந்த முன்மண்டபத்துக்கு இருபுறமும் மேல்மாடங்களுக்குப் போகும் படிக்கட்டுகள். வாசலில் நுழைபவர் கோபுரத்துக்கு அடியில்தான் நடந்து போகிறார். கூரைக்குக் கீழே அது வெளியே தெரியாததால் கால் இல்லாதது போன்ற தோற்றம்.

போர்டிகோத் தூண்கள் சுமப்பது தங்கள் மேலுள்ள உத்தர வரிசை (தூண்தலைகளுக்கு மேல் கிடையாக ஓடும் பட்டைகள்), பெடிமென்ட், போர்டிகோவின் சொந்தக் கூரை, உட்தளம். அவ்வளவுதான். முன்வரிசையில் ஆறு, பக்கத்துக்கு இன்னொன்று, சுவரை ஒட்டி அரைத்தூண்கள்.

இது முக்கியமான முடிவு. கல்கோபுரத்தின் எடை பல மடங்கு அதிகம், அதற்குக் கீழுள்ள மண் அதிகம் அமுங்கும். போர்டிகோ அமுங்குவது கொஞ்சம். இரண்டின் அஸ்திவாரமும் வேறுவேறாக இறங்கினால் சந்திக்கும் இடத்தில் செங்குத்தாக விரிசல் வரும். இந்த வகை ஆலயங்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்: போர்டிகோக் கூரை முகப்புச் சுவரோடு சேரும் கோடும், கோபுரத்தின் பின்சுவர் நடுக்கூடத்தின் கூரையோடு சேரும் கோடும். விரிசலைவிட அங்கே இறங்கும் மழைநீர்தான் அதிகக் கேடு செய்யும். கோபுரத்தின் முகத்தில் அடிக்கும் மழை முழுவதும் வழிந்து கூரையில் விழும் இடம் அது. சுவரில் காடி வெட்டி ஈயத் தகட்டைச் செருகி, கீழே கூரைத் தகட்டின் மேல் மடித்துவிட வேண்டும். காடியைச் சிமென்ட் கலவையால் அடைத்தால் ஈயம் வெயிலில் நீண்டு சுருங்கும்போது சிமென்ட் பிளந்துகொள்ளும், தகடு வெளியே வந்துவிடும். ஈய ஆப்பு அடித்து, சுண்ணாம்புக் கலவையால் மூடுவதுதான் முறை.

#3 தெருப்பார்வை

இப்போது நாம் பார்க்கும் கோணம் கிப்ஸ் நினைத்த கோணம் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1726இல் டிரஃபால்கர் சதுக்கம் கிடையாது. சதுக்கம் திறந்தது 1844இல். கிப்ஸ் காலத்தில் ஆலயத்துக்கு எதிரே குறுகலான செயின்ட் மார்ட்டின்ஸ் லேனும் அதை ஒட்டிய கட்டடங்களும்தான். அவ்வளவு நெருக்கத்தில் நின்று அண்ணாந்தால் பெடிமென்ட் கோபுரத்தின் கீழ்ப்பகுதியை மறைத்துவிடும். தொலைவில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே கோபுரம் மட்டும் தனியாகத் தெரியும். இரண்டும் ஒரே பார்வையில் சேர்ந்து விழுந்தது சதுக்கம் வந்த பிறகு. குற்றச்சாட்டு அதற்கு முன்பும் இருந்தது என்பது சரி; ஆனால் இன்றைய புகைப்படம் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

சமகாலத்தவர் இதே சிக்கலை எப்படித் தீர்த்தார் என்று பார்க்க ப்ளூம்ஸ்பரி செயின்ட் ஜார்ஜ் ஆலயத்துக்குப் போங்கள். நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர், 1731இல் முடிந்தது. அங்கும் ஆறு கொரிந்தியத் தூண் போர்டிகோ. ஆனால் அது தெற்கே. கோபுரம் மேற்கே தனியாகத் தரையிலிருந்து எழுகிறது. தர்க்கத்துக்கு அது சுத்தம். ஆனால் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு கட்டடங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். கிப்ஸ் வாசல், கோபுரம், நடுக்கூடம், ஆல்டர் (பலிபீடம்) எல்லாவற்றையும் ஒரே அச்சில் கட்டினார். பாரிஷ் மக்கள் தங்கள் ஆலயத்தை அடையாளம் காண்பது கோபுரத்தை வைத்து; வாசலைக் காட்டுவது போர்டிகோ. இரண்டும் ஒரே திசையைக் காட்டுவதில் நியாயம் இருக்கிறது.

#4 வரைபலகை

நன்றி சார். அப்படியானால் முன்பக்கத்தைவிட நீளவாட்டு வெட்டுப் படத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும் போல. கிப்ஸ் முதலில் வட்டமான ஆலயம் வரைந்தார் என்கிறார்களே, அது இந்த மேற்கு முனைக்கு எப்படிப் பொருந்தியது?

#5 ஏட்டுப்பிரதி

வட்ட நடுக்கூடம், அதற்கு முன்னால் போர்டிகோவும் கோபுரமும். அதாவது மேற்கு முனையின் யோசனை அப்போதே வந்துவிட்டது. செலவு அதிகம் என்று ஆலயக் கமிஷனர்கள் தள்ளிவிட்டார்கள். அதன் பிறகுதான் இந்த நீள்சதுர வடிவம். நிதி பாரிஷ் மக்கள் மீது விதித்த வரியிலிருந்து வந்தது. பெடிமென்டுக்குக் கீழே லத்தீனில் பொறித்திருப்பதும் அதைத்தான் சொல்கிறது: பாரிஷார் கட்டுவித்தது, 1726. பெடிமென்டின் முக்கோணத்துக்குள் இருப்பது அரச முத்திரை. முதலாம் ஜார்ஜ் மன்னர் இந்த ஆலயத்தின் சர்ச்வார்டனாக (சபை நிர்வாகப் பொறுப்பாளராக) இருந்தவர். மொத்தச் செலவு 33,000 பவுண்டைத் தாண்டியது. சட்டம் அனுமதித்தது 22,000.

தள்ளப்பட்ட வட்ட வடிவத்தைக் கிப்ஸ் வீணாக்கவில்லை. 1728இல் வெளியிட்ட தன் கட்டடக்கலைப் புத்தகத்தில் கட்டியதையும் கட்டாததையும் சேர்த்தே அச்சிட்டார். கட்டாத கோபுர மாதிரிகள் மட்டுமே பல. அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரின் பாப்டிஸ்ட் ஆலயக் கோபுரம் (1775) செயின்ட் மார்ட்டினுக்காக வரைந்து கைவிட்ட ஒரு மாதிரியிலிருந்து மரத்தில் கட்டியது. கட்டடக்கலைஞர் இல்லாத ஊரிலும் புத்தகத்தை விரித்து வைத்துத் தச்சர்கள் வேலை செய்ய முடிந்தது. இந்த முகப்பு பரவியதற்கு அழகைவிட அந்த அச்சுப் படங்கள்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

#6 கோட்டுவரை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கிப்ஸே 1732இல் தூண் முறைகளை வரைய ஒரு விதிநூல் போட்டார். பழைய ஆசிரியர்கள் தூணின் விட்டத்தை ‘நிமிடங்கள்’ என்ற 60 சிறு பாகங்களாகப் பிரித்துப் பின்னக் கணக்கில் மாட்டிவிடுவார்கள். கிப்ஸ் பின்னமே வேண்டாம், உயரத்தைச் சம பாகங்களாக மடித்துக்கொண்டே போ என்கிறார். கவராயமும் அளவுகோலும் போதும்.

கொரிந்திய முறைக்கு, பீடம் இல்லாமல், தூணும் மேல் உத்தர வரிசையும் சேர்ந்து 600 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு பாகமாகப் பிரியுங்கள். மேல் பாகம் 100 மி.மீ. உத்தர வரிசை, கீழ் ஐந்து பாகம் 500 மி.மீ. தூண். தூணைப் பத்தாகப் பிரித்தால் ஒரு பாகம் 50 மி.மீ.; அதுதான் அடி விட்டம். இனி எல்லா அளவும் இந்த 50இலிருந்து. தூணடி அரை விட்டம், 25. இலை வேலைப்பாடுள்ள தூண்தலை ஒன்றும் ஆறில் ஒன்றும், அதாவது 58. நடுவில் மிஞ்சுவது உடல், 417 மி.மீ. உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு நேராகவே இருக்கட்டும். அதற்கு மேல் மெதுவாக ஒடுக்கி உச்சியில் 42 மி.மீ. அளவில் முடியுங்கள். அடியிலிருந்தே நேர்கோட்டில் ஒடுக்கினால் தூண் கூம்பு மாதிரி நிற்கும்.

உத்தர வரிசையின் 100ஐப் பத்தாக வைத்து 3, 3, 4: கீழ் உத்தரம் 30, நடுப்பட்டை 30, கார்னிஸ் (வெளியே துருத்தும் மேல் விளிம்பு) 40.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கீழ் உத்தரத்தின் முகம் தூணின் அடி விட்டத்தோடு சேரக் கூடாது. கழுத்து விட்டத்தோடு, அந்த 42 மி.மீ. கோட்டோடு சேர வேண்டும். அடி விட்டத்தோடு சேர்த்தால் பக்கத்துக்கு 4 மி.மீ. உத்தரம் வெளியே தொங்கும். படத்தில் சின்னது, நிஜக் கட்டடத்தில் தூண்தலை நசுங்கியது போலத் தெரியும். இன்றைக்கு ஃபைபர் தூண் வாங்கி நிறுத்தும் புது வீடுகளில் பாதி அவலட்சணம் இந்த ஒரு தவறால்தான்.

#7 கோட்டுவரை

தூண்களுக்கு இடையில் எவ்வளவு விடுவது என்பதைக் கார்னிஸிலிருந்து முடிவு செய்யுங்கள், தரையிலிருந்து அல்ல. கார்னிஸுக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் சிறு தாங்கிகள், மாடிலியன்கள். ஒவ்வொரு தூணின் மைய அச்சுக்கு மேலும் ஒரு மாடிலியன் நடு வந்தே ஆக வேண்டும். மாடிலியன்களின் மைய இடைவெளியை விட்டத்தில் மூன்றில் இரண்டு என்று வைத்தால், ஐந்து இடைவெளிக்குத் தூண் மையத்திலிருந்து மையம் மூன்றே கால் விட்டத்துக்குச் சற்று மேலே, 167 மி.மீ. பயிற்சிக்கு இது நல்ல அளவு. ஆறு தூணுக்கு முனை மையங்களுக்கு இடையே 833.

பெடிமென்ட் உயரத்துக்குப் பழைய கைமுறை ஒன்று உண்டு. கார்னிஸின் இரு நுனிகளுக்கு இடையே கோடு; அதன் நடுவிலிருந்து நேர்கீழே பாதி அகலத்துக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் கவராய முள், இரு நுனிகளையும் தொடும் வில். வில் நடுக்கோட்டை வெட்டும் இடம் உச்சி. மேலே சொன்ன அளவில் கார்னிஸ் நுனிக்கு நுனி சுமார் 955, உயரம் சுமார் 198. ஒன்பதில் இரண்டு என்ற விதிப்படி போனால் 212. இரண்டும் நன்றாக இருக்கும். கால் பங்குக்கு மேல் போனால் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஆகிவிடும்.

இன்னும் இரண்டு இடங்கள். பெடிமென்டுக்குக் கீழே போகும் கிடைமட்டக் கார்னிஸில் மேல் விளிம்பு வளைவை வரையக் கூடாது. அது சாய்வுக் கார்னிஸில் மட்டும் வரும். மழைநீரை வெளியே தள்ளும் விளிம்பு அது, முக்கோணத்தின் அடியில் அதற்கு வேலையில்லை. சாய்வில் வரும் மாடிலியன்கள் சரிவுக்குச் செங்குத்தாக அல்ல, தூக்குக்குண்டு தொங்கும் திசையில், கீழுள்ள மாடிலியன்களுக்கு நேர் மேலே நிற்க வேண்டும்.

#8 தெருப்பார்வை

பக்கச் சுவரையும் விடாதீர்கள். இந்த ஆலயம் முகப்பு மட்டும் ஒட்டிய பெட்டி அல்ல என்பதற்கு அதுதான் சாட்சி. போர்டிகோவின் அதே உத்தர வரிசை, அதே உயரத்தில், கட்டடத்தைச் சுற்றி ஓடுகிறது; அதற்குக் கீழே அதே உயரத்தில் கொரிந்திய அரைத்தூண்கள். முனைக் கட்டங்களில் சுவரை உள்வாங்கி முழுத் தூண்களையே நிறுத்தியிருக்கிறார். போர்டிகோ தனியாக ஒட்டியது போல இல்லாமல் உடம்பிலிருந்து வளர்ந்தது போல இருப்பது இதனால்.

ஜன்னல்கள் இரண்டு அடுக்கு, உள்ளே மேல்மாடம் இருப்பதால். ஜன்னல் நிலையைச் சுற்றிய கல் விளிம்பை இடையிடையே பெரிய கட்டைக் கற்களால் வெட்டி, வளைவின் உச்சியில் கனமான உச்சிக்கல் வைத்திருப்பார். இந்த அமைப்புக்கே இன்று கிப்ஸ் பெயர்தான். இத்தாலியில் அவருக்கு முன்பே பலாடியோ போன்றவர்கள் கையாண்டதுதான் என்றாலும், இங்கிலாந்தில் ஊர் ஊராகப் பரப்பியது இவர். வரையும்போது கட்டைக் கற்கள் விளிம்பைவிடச் சற்று வெளியே துருத்தி நிற்க வேண்டும், நிழல் விழும்படி. சம தளத்தில் வரைந்தால் வெறும் கோடு போட்ட சுவர்.

#9 சுதைவேலை

எல்லோரும் வெளியிலேயே நிற்கிறீர்கள். இந்த ஆலயத்தின் உண்மையான சாதனை உள்ளே இருக்கிறது.

நடுக்கூடத்தின் இருபுறமும் உயரமான பீடங்கள் மேல் கொரிந்தியத் தூண்கள். பீடம் ஏன் அவ்வளவு உயரம்? பெஞ்சுகளில் உட்காருபவர்கள் தூணடியை மறைக்காமல் இருக்க. தூண்களுக்கு இடையே மேல்மாடங்கள். தூண்தலைக்கு மேலே தொடர்ந்து ஓடும் உத்தரம் இல்லை. ஒவ்வொரு தூணும் உத்தர வரிசையின் ஒரு துண்டை மட்டும் தலையில் தாங்கி நிற்கிறது. அந்தத் துண்டிலிருந்து வளைவுகள் கிளம்புகின்றன. தொடர் உத்தரம் போட்டிருந்தால் பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம் கூரைக்கு ஏறாமல் தடைபட்டிருக்கும். பக்கக் கூடங்களின் மேல் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தட்டையான சிறு குவிமாடம். நடுவில் நீள்வட்ட வளைவுக் கூரை.

சுதை வேலை ஜியோவானி பகுட்டி, ஜியூசெப்பே அர்ட்டாரி இருவருடையது. ஆல்ப்ஸ் அடிவார ஏரிப் பகுதியிலிருந்து வந்த மரபு. கிப்ஸ் தன் புத்தகத்தில் அவர்களை மெச்சியிருக்கிறார். அச்சில் வார்த்து ஒட்டுவதல்ல அவர்கள் முறை. ஈரச் சுதையைக் கையாலும் கரண்டியாலும் கூரையிலேயே வடிப்பது. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு இலைகள்கூடக் கூர்ந்து பார்த்தால் ஒன்றுபோல் இருக்காது.

அந்த வளைவுக் கூரை கல் அல்ல. மரச்சட்டத்தில் பட்டிகள் அடித்து அதன் மேல் சுண்ணாம்புச் சுதை. அதனால்தான் தூண்கள் அவ்வளவு மெலிவாக இருக்க முடிகிறது; கல் வளைவாக இருந்திருந்தால் பக்கவாட்டு உந்துதலைத் தாங்க வெளியே முட்டுச்சுவர் வேண்டும்.

#10 வரைபலகை

நீள்வட்டம் ஏன்? அரைவட்டம்தானே அழகு?

#11 சுதைவேலை

அழகு அரைவட்டம்தான் என்று கிப்ஸே ஒத்துக்கொள்கிறார். ஆனால் நீள்வட்டக் கூரை குரலுக்கு மேல் என்று அனுபவத்தில் கண்டதாக எழுதியிருக்கிறார். ஆங்கிலிக்கன் ஆராதனையில் வாசிப்பும் பிரசங்கமும் மையம். கடைசி பெஞ்சுக்கும் மேல்மாடத்துக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும்.

இதற்குக் கணக்கும் துணை நிற்கிறது. எதிரொலிப்பு நேரம் அறையின் கன அளவுக்கு நேர் விகிதம், உறிஞ்சும் பரப்புக்கு எதிர் விகிதம். அதே அகலத்துக்கு நீள்வட்டம் உயரம் குறைவு, கன அளவு குறைவு. மேலிருந்து திரும்பும் ஒலிக்குப் பயணத் தூரமும் குறைவதால் அது நேர்க்குரலோடு ஒட்டியே வந்து சேரும், தனி எதிரொலியாகக் கேட்காது. மேல்மாடத்தில் நிரம்பி உட்காரும் மக்கள் பெரிய உறிஞ்சு பரப்பு. இன்றைக்கும் கச்சேரிகளுக்கு இந்த ஆலயம் பேர்போனது. செயின்ட் மார்ட்டின் அகாடமி இசைக்குழு இதன் பெயரை வைத்துக்கொண்டது இங்கே தொடங்கியதால்தான்.

#12 கல்தச்சுப்பட்டறை

சுதைக் கூரைக்கு என்ன நேரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மரப்பட்டிகளில் அடித்த கூரையுள்ள ஆலயங்கள் நம் பக்கத்திலும் இருக்கின்றன.

#13 சுதைவேலை

பட்டிகளுக்கு நடுவே விரலளவு இடைவெளி விட்டு அடிப்பார்கள். முதல் பூச்சை அழுத்தித் தேய்க்கும்போது சுதை அந்த இடைவெளி வழியாக மேலே பிதுங்கி மடிந்து உறையும். அந்தக் கொக்கிகள்தான் முழுக் கூரையையும் பிடித்துக்கொண்டிருப்பவை. ஆட்டு ரோமமோ மாட்டு ரோமமோ கலப்பது கொக்கி ஒடியாமல் இருக்க. மழைநீர் ஒழுகினால் பட்டி உளுத்துப்போகும், ஆணி துருப்பிடிக்கும். பராமரிப்புக்கு மேலே ஏறுபவர் நேரடியாகக் கூரைமேல் கால் வைத்தால் ஒரே அடியில் நூறு கொக்கி போய்விடும். எப்போதும் உத்திரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டே நடக்க வேண்டும்.

பழுது பார்க்கும் வரிசை: கீழிருந்து விரல் முட்டியால் தட்டுங்கள், வெற்றொலி வரும் இடங்களைச் சாக்பீஸால் குறியுங்கள். கீழே மெத்தென்ற முட்டுக் கொடுத்துத் தொங்கலை மெல்லத் தூக்குங்கள். மேலே ஏறி இத்தனை வருடத் தூசியை உறிஞ்சி எடுங்கள். தூசி இருந்தால் எதுவும் ஒட்டாது. பிறகு துருப்பிடிக்காத எஃகு கம்பி வலையையும் ஜிப்சத்தில் நனைத்த சணல் துணியையும் வைத்துப் பட்டியோடும் உத்திரத்தோடும் கட்டுங்கள். சிமென்ட் பால் ஊற்றாதீர்கள். எடை கூடும், ஈரம் அடைபடும், அடுத்த மழைக்குத் துண்டாகவே விழும்.

#14 எழும்பூர்வாசி

சென்னைக்காரர்களுக்கு இந்த விவாதம் தூரத்து விஷயமே இல்லை. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கைப் பாருங்கள். 1818இல் அடிக்கல், 1821இல் திறப்பு, தாமஸ் ஃபியாட் டி ஹாவிலண்ட் கட்டியது. இது ஆங்கிலிக்கன் அல்ல, ஸ்காட்லாந்துத் திருச்சபைக்காகக் கட்டியது. ஆனால் போர்டிகோவும் அதன் பின்னால் எழும் கோபுரமும் செயின்ட் மார்ட்டினிலிருந்து வந்தவை. உள்ளே நடுக்கூடம் வட்டம்! லண்டனில் கமிஷனர்கள் தள்ளிய அந்த வட்ட யோசனை எழும்பூரில் எழுந்து நிற்கிறது.

கட்டுமானத்தில்தான் பெரிய மாறுதல். லண்டனில் மரமும் சுதையும். இங்கே 16 கொரிந்தியத் தூண்கள் மேல் செங்கல் குவிமாடம், விட்டம் ஐம்பது அடிக்குச் சற்று மேல், உட்புறம் ஆழ்ந்த நீலம். கரையான் உள்ள ஊரில் அது சரியான முடிவு. ஆனால் செங்கல் குவிமாடத்துக்கு எடையும் உண்டு, பக்கவாட்டு உந்துதலும் உண்டு. நிலமோ மழைக்காலத்தில் நீர் தேங்கும் மண். அதற்கு டி ஹாவிலண்ட் ஐரோப்பியத் தீர்வைத் தேடாமல் நம் ஊர்க் கிணற்று அஸ்திவாரத்தை எடுத்துக்கொண்டார்: 14 அடியிலிருந்து 50 அடி ஆழம் வரை 150 கிணறுகள். செங்கல் உறையைக் கட்டிக்கொண்டே உள்ளிருந்து மண்ணை வாரி வெளியேற்றினால், உறை தன் எடையிலேயே இறங்கும். கெட்டி மண் வந்ததும் உள்ளே நிரப்பி, மேலே வளைவுகளால் இணைத்து, அதன் மேல் சுவர். ஒரு கிணறு சாய்ந்தால் உயர்ந்த பக்கத்தில் அதிகம் தோண்டி நேராக்குவார்கள்.

#15 மணிக்கூடு

அப்படியானால் கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் பேராலயம்? அதையும் செயின்ட் மார்ட்டின் பிரதி என்கிறார்களே.

#16 எழும்பூர்வாசி

அது ஆங்கிலிக்கன் ஆலயமாகவே கட்டப்பட்டது, 1816இல் பிரதிஷ்டை, பேராலயம் ஆனது 1835இல். வடிவமைப்பு ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர், கட்டியவர் அதே டி ஹாவிலண்ட். கிப்ஸ் குடும்பம் என்று சொல்லலாம், பிரதி என்று சொல்ல மாட்டேன். நீள்சதுர நடுக்கூடம், போர்டிகோ, பின்னால் கோபுரம் என்ற ஏற்பாடு பொது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது இதே ஆலயத்தில். கல்கத்தா செயின்ட் ஜான் ஆலயமும் (1787) இதே மரபு.

#17 கல்தச்சுப்பட்டறை

பராமரிப்பில் லண்டனும் சென்னையும் எதிரெதிர்.

செயின்ட் மார்ட்டின் முகம் போர்ட்லண்ட் கல். டார்செட் கடலோரத்தில் வெட்டும் சுண்ணாம்புக் கல். மழை நேராக அடிக்கும் இடங்கள் கழுவப்பட்டு வெளுத்துவிடும். கார்னிஸுக்கு அடியில், மழை படாத இடத்தில், நிலக்கரிப் புகையின் கந்தகம் கல்லோடு சேர்ந்து கரும் பொருக்காகும். கறுப்பு அழுக்கு என்று மணலைப் பீய்ச்சிச் சுரண்டினால் பொருக்கோடு கல்லின் முகமும் போய்விடும். மென்மையாக நீராவியும், ஒற்றி எடுக்கும் பற்றும்தான் முறை.

இது படிவுக் கல் (அடுக்கடுக்காகப் படிந்து உருவானது) என்பதால் வைக்கும் திசையும் முக்கியம். சுவரில் கல்லைக் குவாரியில் இருந்தபடியே படிவம் கிடைமட்டமாக இருக்கும்படி வைக்க வேண்டும். முகத்துக்கு இணையாகப் படிவத்தை நிறுத்திவிட்டால் பனியிலும் மழையிலும் ஏடு ஏடாக உரியும். வெளியே துருத்தும் கார்னிஸ் கல்லுக்கு மட்டும் விதி வேறு: படிவம் செங்குத்தாக, பக்கத்துக் கல்லைப் பார்க்கும்படி. கிடைமட்டமாக வைத்தால் அடித்தட்டு அப்படியே கழன்று தெருவில் விழும்.

அடுத்தது இரும்புக் கவ்விகள். கல்லோடு கல்லைப் பிணைக்க இரும்பு வைத்து ஈயம் உருக்கி ஊற்றுவார்கள். ஈயத்தின் ஓரத்தில் நீர் புகுந்தால் இரும்பு துருவாகிப் பல மடங்கு பருக்கும். மூட்டின் ஓரத்தில் கல் பிறை வடிவத்தில் பிளந்து தெறிக்கும். பழுப்புக் கறை கண்டால் அந்தத் துண்டை மீண்டும் ஒட்டிப் பயனில்லை. கவ்வியை எடுத்துத் துருப்பிடிக்காத எஃகு வைக்காத வரை அது மறுபடி தெறிக்கும்.

#18 எழும்பூர்வாசி

இங்கே எதிரி செடி. கோபுரத்து மூட்டில் பறவை எச்சத்தோடு விழும் அரசு, ஆல் விதை. பிடுங்குவது தவறு, வேர் உள்ளே அறுந்து நின்றுவிடும், மூட்டும் அகலமாகும். தண்டை வெட்டி, வெட்டு வாயில் உடனே களைக்கொல்லி தடவி, வேர் செத்த பிறகு தளர்ந்த கலவையைச் சுரண்டிச் சுண்ணாம்பால் நிரப்ப வேண்டும். அதேபோல் பழைய கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சின் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கும் பழக்கத்தை நிறுத்தினாலே பாதி ஆலயங்கள் பிழைக்கும். சுவருக்குள் ஏறும் ஈரம் பெயின்டுக்குப் பின்னால் அடைபட்டு உப்பாகப் பூத்து, பூச்சையே தள்ளிவிடுகிறது. சுண்ணாம்பு வெள்ளையடித்தால் வருடா வருடம் வேலை என்கிறார்கள் சபைக் கமிட்டிகளில். ஆமாம், வேலைதான். ஆனால் இருநூறு வருடப் பூச்சை இழப்பதைவிட அது மலிவு.

#19 ஏட்டுப்பிரதி

லண்டனில் 2006 முதல் 2008 வரை நடந்த புதுப்பிப்பையும் குறிக்க வேண்டும். எரிக் பாரி கட்டடக்கலைஞர், 36 மில்லியன் பவுண்டு. புது இடம் பெரும்பாலும் தரைக்கு அடியில் எடுத்தார்கள். வடபக்கம் ஒரு கண்ணாடி மாடமும் ஒளிக்கிணறும் மட்டும் மேலே தெரியும். கிழக்கு ஜன்னலுக்கு ஷிராஸே ஹூஷியாரி, பிப் ஹார்ன் இருவரும் செய்தது கறைக்கண்ணாடி அல்ல: நிறமற்ற கண்ணாடி, எஃகுச் சட்டங்களின் வலை, நடுவில் சாய்ந்த நீள்வட்டம், அதை நோக்கிச் சட்டங்களே வளைந்து கொடுக்கின்றன. கிப்ஸின் கூடம் வெளிச்சத்தை நம்பிக் கட்டியது. வண்ணக் கண்ணாடி போட்டிருந்தால் சுதை வேலையில் நிழல் விழாது. சரியான முடிவு என்பேன்.

#20 மணிக்கூடு

எனக்கு அந்த ஜன்னல் கூடத்தோடு ஒட்டவில்லை. தூண், வளைவு, பெடிமென்ட் எல்லாம் அச்சுக்குச் சமமாக நிற்கும் இடத்தில், கண் போய் முடியும் புள்ளியில் சாய்ந்த ஒன்று. வெளிச்சம் பற்றிச் சொன்னது சரி. அதற்கு நேரான சட்டங்களே போதும்.

மணிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை: கோபுரத்தில் இருந்த பழைய 12 மணிகள் 1988இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய்விட்டன, இப்போது அடிப்பவை புதிதாக வார்த்த 12. மணி ஆடும்போது பக்கவாட்டு விசை கோபுரச் சுவருக்குப் போகும். மணிச்சட்டத்தைச் சுவரில் ஆழப் பதித்து நான்கு பக்கமும் இறுக்குவதும், போல்ட்டுகள் தளர்கின்றனவா என்று பார்ப்பதும் அவசியம். சட்டம் ஆடினால் மூட்டு முதலில் திறக்கும்.

#21 வரைபலகை

வெட்டுப் படத்திலிருந்து தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று: சதுரக் கோபுரம் மேலே எண்கோணமாக மாறும் இடத்தை எப்படி வரைவது? என் கோடுகள் பக்கவாட்டில் பொருந்தவில்லை.

#22 கோட்டுவரை

தரைப்படத்தில் முடிவு செய்து மேலே ஏற்றுங்கள். சதுரத்தின் பக்கம் 100 என்றால் ஒவ்வொரு மூலையிலிருந்தும் இருபுறமும் 29.3 தள்ளிக் குறியிட்டுக் குறுக்கே வெட்டினால் சம எண்கோணம். அதன் பக்கம் 41.4. கவராயத்தில் செய்ய: மூலையில் முள், சதுரத்தின் மையம்வரை ஆரம், இரு பக்கங்களையும் வெட்டுங்கள், நான்கு மூலைக்கும் அப்படியே. நேர்முகப்பில் நடு முகம் 41.4 ஆகவும், பக்கத்து முகங்கள் ஒவ்வொன்றும் 29.3 ஆகவும் தெரிய வேண்டும். மூன்றையும் சமமாக 33 என்று வரைவதால்தான் உங்களுக்குப் பொருந்தவில்லை.

வெட்டிய மூலைகளில் காலியாக நிற்கும் முக்கோணத் தளங்களில் கலசங்கள் வைத்து நிரப்புங்கள். கீழ் அடுக்கின் கார்னிஸ் முன்துருத்தல் கலசத்தின் அடியைக் கீழிருந்து பார்ப்பவருக்கு மறைத்துவிடும். அதனால் கலசத்துக்குச் சிறு பீடம் கொடுத்துத் தூக்குங்கள். உச்சியின் ஒடுங்கும் கூம்பை நேர்கோடாக வரையாமல் சற்று உள்வளைவாக இழுங்கள், நடுவில் வட்டத் துளைகளோடு. எண்கோணத்தின் எட்டு மூலைக் கோடுகளும் உச்சியில் உருண்டைக்குக் கீழே ஒரே அச்சில் சேர்கின்றனவா என்று பார்த்துவிட்டு மை போடுங்கள்.